வேலி போட்டுத் தந்தவர்களோடு சனிக்கிழமை ஆட்டம்

ஹாடன், டெக்சஸ்
நவம்பர் 13, புதன்கிழமை காலை

அன்பு மகள் கெண்ட்ராவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான், அம்மா, உன் தம்பி வெஸ்லி மூன்று பேரும் சுகமாக இருக்கிறோம், மாடு கன்றுகளும் சுகம். கடலுக்கு நடுவில் இருக்கிற நீயும் உன்னோடு அந்தக் கப்பலில் வேலை பார்க்கிற பிள்ளைகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் காலையில் காபிக்கு முன்னாலேயே ஆண்டவரிடம் கேட்டுக்கொள்கிறேன். வழக்கமாக அம்மாதான் உனக்கு எழுதுவாள், நான் கடைசியில் ஒரு கையெழுத்துப் போடுவதோடு சரி. மார்ச்சுக்குப் பிறகு அதுவும் இல்லை. இன்றைக்கு முழுக் கடிதத்தையும் நானே எழுதுகிறேன், கோழி கிளறின மாதிரிதான் இருக்கும், நீதான் பார்த்துப் படித்துக்கொள்ள வேண்டும். வலது கட்டைவிரல் இன்னும் முழுசாக மடங்கவில்லை, மற்ற நான்கும் சொன்ன பேச்சைக் கேட்கின்றன. டாக்டரம்மா போன வாரம் என் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இனிமேல் என்னைப் பார்க்க வராதீங்க, கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டை அனுப்புங்க, போதும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அதைச் சொன்னபோது அம்மா காரிலேயே அழுதுவிட்டாள். நான் அழவில்லை என்று எழுதத்தான் ஆசை.

நம் ஊர்ச் செய்தி என்றால் இப்போது ஒரே செய்திதான். நம் பள்ளிக்கூடத்து ஃபுட்பால் பையன்கள் பிளே ஆஃப் போய்விட்டார்கள், தோற்றால் அத்தோடு வெளியேற வேண்டிய சுற்று. பத்தொன்பது வருஷம் ஆயிற்று மகளே, கடைசியாகப் போனபோது நீ என் தோளில் உட்கார்ந்துகொண்டு பாப்கார்னை என் தலையில் கொட்டினாய். மொத்தம் ஒன்பது பையன்கள், பக்கத்துக்கு ஆறு பேர் ஆடுகிற ஆட்டத்துக்கு ஒன்பதே பேர், அதில் ஒமர் செர்டாவுக்குக் கணுக்கால் சுளுக்கு. எட்டு ஆட்டம் ஜெயித்து இரண்டு தோற்றிருக்கிறார்கள், அதுவும் பத்து ஆட்டமும் வெளியூரில். நம் மைதானம்தான் மார்ச் மாதத்துப் புல்வெளித் தீயில் போய்விட்டதே. கேலரிப் பலகை, ஸ்கோர் போர்டு, மேற்குப் பக்கக் கோல் கம்பம், புல் எல்லாம் போய் ஒரு கரித்துண்டு மாதிரி கிடந்தது. பள்ளிக்கூடம் தப்பியதே பெரிய விஷயம். மே மாதம் விதை போட்டோம், கோடை முழுக்க வீட்டுக்கு ஒரு நாள் முறை வைத்து டேங்கரில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினோம், இப்போது புல் வந்திருக்கிறது. அதைப் பச்சை என்று சொல்லக் கொஞ்சம் பெருந்தன்மை வேண்டும், ஆனாலும் பச்சைதான். கம்பத்தைப் பக்கத்துப் பண்ணை ஹார்லன் எண்ணெய்க் கிணற்றுப் பழைய குழாயை வெட்டி ஒட்டவைத்து நட்டிருக்கிறான். லேசாகத் தெற்கே சாய்ந்து நிற்கிறது, காற்றுக்குச் சாய்கிறது என்று சொல்லி அவன் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறான். வெஸ்லி நடுவில் நின்று பந்தை எடுத்துக்கொடுக்கிறவன், எதிரி பந்தோடு ஓடிவரும்போது முதலில் போய்ச் சாய்க்க வேண்டியவனும் அவன்தான். அவன் என் உயரத்தைத் தாண்டிவிட்டான், அவன் தின்கிற தீனிக்கு அம்மா இப்போது கடையில் முட்டை வாங்குவதில்லை, கோழிப்பண்ணையோடே பேசி வைத்திருக்கிறாள்.

இனிமேல்தான் விஷயம். முதல் சுற்றில் நம் எதிரி யார் தெரியுமா, டால்பர்ட் ஊர். பத்துக்குப் பத்து ஜெயித்த டால்பர்ட். எந்த டால்பர்ட் என்று உனக்குத் தெரியும், ஆனால் முழுக்கத் தெரியாது. தீயைப் பற்றி அம்மா உனக்குப் போனில் சொன்னது பாதிதான், மீதியை நான் அம்மாவிடமே கோடையில்தான் சொன்னேன். நீ அப்போது கரைக்கு வர முடியாத இடத்தில் இருந்தாய், சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டேன். இப்போது சொல்லாமல் இந்த ஆட்டத்தைப் பற்றி எழுத முடியாது, அதனால் பயப்படாமல் படி, அப்பா முழுசாக உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, மத்தியானம் இரண்டு மணி இருக்கும். அம்மா பள்ளிக்கூடச் சமையலறையில், வெஸ்லி வகுப்பில். புகை மேற்கே தூரத்தில் தெரிந்தது, நம்மைத் தொடாமல் வடக்கே போய்விடும் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். திடீரென்று காற்று திரும்பியது. வடக்கு மேய்ச்சலில் நம் மாடுகள் பாதி நின்றன, வேலிக் கதவு சாத்தியிருந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு போனேன், கையுறையைச் சமையலறை மேசையிலேயே வைத்துவிட்டேன். எவ்வளவு மடத்தனம் பார். கதவில் இருந்த இரும்புக் கொண்டி அதற்குள் பழுக்கக் காய்ந்துவிட்டது. சட்டையைச் சுற்றிப் பிடித்துப் பார்த்தேன், வழுக்கியது. மாடுகள் கத்தின கத்தலைக் கேட்டால் நீயும் அதைத்தான் செய்திருப்பாய், வெறுங்கையால் பிடித்து இழுத்தேன். திறந்துவிட்டது. மாடுகள் என்னைத் தாண்டி ஓடின, முக்கால்வாசி தப்பித்துவிட்டன. திரும்பி வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தேன், சாவியைத் திருப்ப விரல் இல்லாத மாதிரி இருந்தது. வெளியே புகையில் ஒன்றும் தெரியவில்லை. உன்னையும் வெஸ்லியையும் நினைத்தேன், அம்மா அன்று காலையில் எதற்கோ கோபித்துக்கொண்டாள், எதற்கு என்று யோசித்துப் பார்த்தேன், ஞாபகம் வரவில்லை. அப்போதுதான் நம் வேலியை முட்டித் தள்ளிக்கொண்டு ஒரு தண்ணீர் லாரி வந்தது. ஒரு ஆள் கதவைத் திறந்து என் சட்டைக் காலரைப் பிடித்து வெளியே இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "தலையக் குனிங்க, வாயத் திறக்காதீங்க, மூச்ச என் முதுகுல விடுங்க" என்றான். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். முகத்தைப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது அவன் பெயரைக் கேட்டேன், டால்பர்ட் தீயணைப்பு லாரி என்று மட்டும் சொன்னார்கள், அது சம்பளம் இல்லாமல் ஊர்க்காரர்களே முறை வைத்து ஓட்டுகிற லாரி.

அடுத்த வாரமே டால்பர்ட்டிலிருந்து வைக்கோல் லாரிகள் வரிசையாக வந்ததை அம்மா சொல்லியிருப்பாள். வசந்த விடுமுறைக்கு அவர்கள் ஃபுட்பால் டீம் முழுக்க, கடலுக்கும் மலைக்கும் போக வேண்டிய பிள்ளைகள், கம்பியும் கம்பமும் ஏற்றிக்கொண்டு அவர்கள் கோச்சோடு நம் நிலத்துக்கு வந்து இறங்கினார்கள். ஐந்து நாள் இருந்து நம் வடக்கு வேலி, ஹார்லன் வேலி இரண்டையும் நேராக்கிக் கொடுத்துவிட்டுத்தான் போனார்கள். நான் இரண்டு கையும் தலையணை மாதிரி கட்டுப்போட்டு, முற்றத்தில் நாற்காலியில் உட்கார்ந்து அவர்கள் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை. முதல் நாள் மத்தியானம் எல்லாருக்கும் முட்டையும் உருளைக்கிழங்கும் வைத்துச் சுருட்டிய ரொட்டி கொடுத்தார்கள், எனக்கும் ஒன்றைக் காகிதத்தோடு மடியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள், பாவம் அவர்களுக்குத் தோன்றவில்லை. நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். செம்பட்டைத் தலைப் பையன் ஒருவன் வந்து பக்கத்தில் குந்தினான். காகிதத்தைப் பிரித்து ரொட்டியை என் வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு, நான் கடிக்கும்போதெல்லாம் வேறு எங்கோ பார்த்தான். இப்படி ஊட்டுவது தினம் தினம் நடக்கிற காரியம் என்கிற மாதிரி பேசிக்கொண்டே இருந்தான். "உங்க ஊர்ப் பசங்க ஆட்டம் போன வருஷம் பாத்தேன் சார், அந்த நடுவுல நிக்கிறவன் நல்லா அடிக்கிறான், ஆனா மெதுவா எந்திரிக்கிறான், தாத்தா மாதிரி" என்றான். நடுவில் நிற்கிறவன் என் மகன்டா என்றேன். பையன் காது வரைக்கும் சிவந்துவிட்டான். அப்புறம் இரண்டு பேருமே சிரித்ததில் எனக்குப் புரையேறி, அவனே தண்ணீரும் கொடுத்தான். பெயர் எஸ்ரா டிகர்ட். ஐந்து நாளும் மத்தியானம் அவன்தான் வந்தான். வெஸ்லியும் அவனும் அதற்குள் ஒருவரையொருவர் திட்டிக்கொள்கிற அளவுக்குச் சிநேகிதம் ஆகிவிட்டார்கள்.

அந்த வாரம் மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, கம்பிக்கு அடியில் ஒரு பையன் நுழையும்போது அவர்கள் கோச் "தலையக் குனி, தலையக் குனி" என்று கத்தினார். தீயில் கேட்ட அதே குரல். எழுந்து போய், அன்றைக்கு லாரியில் வந்தது நீங்களா என்று கேட்டேன். கோச் ஸ்டாக்ஸ் என்பது அவர் பெயர், என்னைவிடச் சின்னவர், கணக்கு வாத்தியார், முழங்கால் வலிக்காரர். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு, "அன்னிக்கு லாரி ஓட்ட என் முறைங்க. அடுத்த நாளா இருந்தா தபால்காரர் வந்திருப்பாரு. அவரு என்னைவிடப் பலசாலி, உங்களுக்கு விலா எலும்பு வலிச்சிருக்காது" என்றார். அதற்கு மேல் என்னைப் பேசவிடவில்லை. நன்றி என்கிற வார்த்தையைச் சொல்ல வாய் திறந்தாலே கம்பி இழுக்கப் போய்விடுவார்.

அந்த கோச்சும் அந்த எஸ்ராவும்தான் சனிக்கிழமை நமக்கு எதிரே நிற்கப்போகிறார்கள். எஸ்ரா இந்த வருஷம் பந்தோடு நாற்பத்தொரு தடவை கடைசிக் கோட்டைத் தாண்டிப் பாயிண்ட் எடுத்திருக்கிறான். காற்று மாதிரி ஓடுகிறான். டால்பர்ட் நாற்பது பாயிண்ட் வித்தியாசத்தில் ஜெயிக்கும் என்று வட்டாரப் பேப்பரில் போட்டிருக்கிறான். பாதி ஆட்டத்தில் நாற்பத்தைந்து வித்தியாசம் வந்தால் அத்தோடு ஆட்டத்தை நிறுத்திவிடுவார்கள் என்பது உனக்குத் தெரியும், நம் பையன்களுக்குத் தோல்வியைவிட அதுதான் பயம். இதில் ஞாயிற்றுக்கிழமை ஒன்று நடந்தது. எந்த ஊரில் ஆடுவது என்று முடிவு செய்ய இரண்டு கோச்சும் பாதி வழியில் இருக்கிற அந்தப் பெட்ரோல் பங்க் ஓட்டலில் சந்தித்தார்கள், பள்ளிக்கூட போர்டு சார்பில் நானும் போயிருந்தேன். டாஸ் போட்டார்கள், டால்பர்ட் ஜெயித்தது. அவர்கள் மைதானம் நல்ல மைதானம், கேலரி, விளக்கு, ஒலிபெருக்கி எல்லாம் உண்டு, ஆட்டத்துக்கு அந்த ஊரே திரண்டு வரும். நம் கோச் ஹோர்டன், சரி, வெள்ளிக்கிழமை நாங்கள் எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று பேனாவை எடுத்தார். கோச் ஸ்டாக்ஸ் காபியைக் கலக்கிக்கொண்டே, "உங்க ஊர்லயே வச்சுக்கலாம். சனிக்கிழமை ரெண்டு மணி, வெளிச்சம் இருக்கும்போதே" என்றார். ஹோர்டன் நம்பவில்லை, "எங்க ஊர்ல உக்கார ஒரு பலகை கூட இல்லையே" என்றார். "எங்க ஊர்க்காரங்களுக்குச் சொந்தமா நாற்காலி இருக்கு. கம்பம் ரெண்டு நிக்குதுல்ல? போதும்." ஒன்று சாய்ந்திருக்கிறது என்று நான் சொன்னேன். "அப்ப சாஞ்சே உதைக்கச் சொல்றேன்" என்றார். அவர் பையன்களே கூடி ஓட்டுப் போட்டு எடுத்த முடிவு என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

நான் சந்தோஷமாக வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் சொன்னேன். அம்மா கையைக் கூப்பிக்கொண்டாள். வெஸ்லி கரண்டியைக் கீழே வைத்துவிட்டான். "பாவம் பாத்துக் குடுக்குறாங்களா?" என்றான். அப்படி இல்லடா என்றேன். "வேற எப்படி? நம்ம ஊர்லயே வந்து, நம்ம ஆளுங்க முன்னாடியே, பாதியிலேயே ஆட்டத்த முடிச்சுட்டு, முதுகுல தட்டிக் குடுத்துட்டுப் போவாங்க. வேலியும் போட்டுக் குடுத்தாச்சு, மைதானமும் குடுத்தாச்சு, ஆட்டத்தையும் அவங்களே பாத்துக் குடுக்கலாமே" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டான். அவன் தட்டில் பாதிக் கறி அப்படியே இருந்தது, அதிலிருந்தே விஷயம் பெரிது என்று அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. கொஞ்சம் பொறுத்து நான் பின்னால் போனேன். கன்றுகளுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தான். நான் வந்து நின்றது தெரிந்தும் திரும்பவில்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டு, கன்றைப் பார்த்தபடியே சொன்னான்: "நான் அவனை எப்படிப்பா அடிக்கிறது? மெதுவா அடிச்சா அவன் ஓடிருவான், நம்ம தோத்துருவோம். வேகமா அடிச்சா... நீங்க கையக் கட்டிட்டு உக்காந்திருந்தப்போ உங்களுக்கு ஊட்டுனவன்ப்பா அவன். நான் அங்கதான் இருந்தேன், எனக்குத் தோணல. அவனுக்குத் தோணுச்சு." உன் தம்பி எட்டு மாதமாக அதைத்தான் உள்ளே வைத்திருந்திருக்கிறான் மகளே. தோளில் கை வைத்துக்கொண்டு நின்றேன். கன்றுகள் எங்கள் இரண்டு பேரையும் முட்டின, தீனி பாதியில் நிற்கிறதே.

மறுநாள் திங்கட்கிழமை மத்தியானம் அம்மா சுட்ட பீக்கன் கொட்டை இனிப்புப் பலகாரம் ஒன்றைப் பக்கத்து இருக்கையில் வைத்துக்கொண்டு நானே டால்பர்ட்டுக்கு வண்டியை ஓட்டினேன். மார்ச்சுக்குப் பிறகு அவ்வளவு தூரம் தனியாக ஓட்டியது அதுதான் முதல் தடவை. ஆட்டத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது எதிர் ஊர்ப் பயிற்சியைப் பார்க்கப் போகிறோமே என்பது வேலிக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தின பிறகுதான் உறைத்தது. கோச் ஸ்டாக்ஸ் விசில் ஊதி எல்லாரையும் நிறுத்திவிட்டு, "ஹாடன் உளவாளி வந்திருக்காரு பசங்களா, பந்த ஒளிச்சு வைங்க. பலகாரம் கொண்டுவந்ததால உயிரோட விடுறேன்" என்றார். எஸ்ராவிடம் ஐந்து நிமிஷம் பேச வேண்டும் என்றேன். ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு வந்தான், வேர்த்து ஊற்றியது, முதலில் என் கைகளைத்தான் பார்த்தான். "மடக்கிக் காட்டுங்க சார்" என்றான். காட்டினேன். கட்டைவிரலைப் பார்த்துவிட்டு, "இவன் மட்டும் சோம்பேறி" என்றான். அப்புறம் வெஸ்லி சொன்னதை ஒளிக்காமல் அப்படியே சொன்னேன். மைதானத்தைப் பாவம் பார்த்துக் கொடுத்தீர்களா என்றும் கேட்டேன். இந்தப் பையன் கோபப்பட்டு நான் அன்றுதான் பார்த்தேன். "பாவமா? சார், அந்த வாரம் முழுக்க உங்க மைதானத்தத் தாண்டித்தான் தினம் வேலிக்குப் போனோம். ஷூவெல்லாம் கரி. அந்த நாத்தம் இன்னும் என் வண்டியில இருக்கு. எங்க ஆறு பேருக்கு இதுதான் கடைசி வருஷம். அந்த இடம் பச்சையா ஆனப்புறம் அதுல ஓடணும்னு எங்களுக்கு ஆசை, அவ்வளவுதான். ஜெயிக்கிறதா இருந்தா அங்க ஜெயிக்கணும்" என்றான். அப்புறம் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே, "வெஸ்லி என்கிட்ட மெதுவா வந்தான்னா அதுதான் சார் எனக்கு அசிங்கம். உங்க வேலிக் கம்பிய நான் மெதுவாவா இழுத்தேன்?" என்றான். திரும்பிப் பத்தடி ஓடினவன் நின்று கத்தினான், "அவன்கிட்ட இன்னொண்ணு சொல்லுங்க சார். என்னை அடிக்கிறதப் பத்தி அவன் கவலையே பட வேண்டாம். தாத்தாவால என்னைத் தொடவே முடியாது!" அந்த மைதானமே சிரித்தது. கோச் அவனுக்குத் தண்டனையாக மூன்று சுற்று ஓட்டம் கொடுத்தார், சிரித்துக்கொண்டேதான் ஓடினான்.

வீட்டுக்கு வந்து வெஸ்லியிடம் ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். கம்பியைப் பற்றிச் சொன்னபோது தலையைக் குனிந்துகொண்டான். தாத்தா என்றதும் நிமிர்ந்தான். "அப்படியா சொன்னான்?" என்றான். அந்த வார்த்தையேதான் என்றேன். "எல்லார் முன்னாடியுமா?" கோச்சே சிரித்தார் என்றேன். வாய் ஒரு பக்கம் கோணியது, சிரிப்பை அடக்கப் பார்க்கிறான் என்று தெரிந்தது, அப்புறம் அடக்க முடியவில்லை. "அந்தச் செம்பட்டைப் பயல சனிக்கிழமை புல்லுல நட்டு வைக்கிறேன், அவ்ளோ ஆசைப்பட்டான்ல" என்று சொல்லிவிட்டுப் பந்தை எடுத்துக்கொண்டு வெளியே போனான், இருட்டுகிறவரை கொட்டகைச் சுவரில் பந்து மோதுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அதற்குப் பிறகு இரண்டு தட்டுச் சாப்பிட்டான். ஜெயிப்பார்களா என்று என்னைக் கேட்டால், மனசைத் தொட்டுச் சொல்கிறேன், கஷ்டம். ஒமர் செர்டாவின் கணுக்கால் தாங்கினால், காற்று வடக்கிலிருந்து வந்தால், வெஸ்லி அந்தப் பையனை முதல் பாதியில் நாலைந்து தடவை கோட்டுக்கு முன்னாலேயே சாய்த்தால், கடைசிவரை ஆட்டம் இருக்கும். டால்பர்ட் வேகமானவர்கள், ஆனால் இந்த வருஷம் யாரும் அவர்களைக் கடைசி நிமிஷம் வரைக்கும் நிற்கவைத்ததில்லை, மூச்சு எவ்வளவு தாங்கும் என்று அவர்களுக்கே தெரியாது. நம் பையன்கள் ஒன்பதே பேர் என்பதால் வருஷம் முழுக்க மூச்சு வாங்கியே பழகிவிட்டார்கள். நம் நம்பிக்கை அதில்தான் இருக்கிறது.

ஊரைப் பற்றி அம்மா எழுதச் சொன்னதையும் எழுதிவிடுகிறேன். திங்கட்கிழமை பள்ளிக்கூடப் பெண்கள் கடைக் கண்ணாடியில் எல்லாம் வழக்கம்போல "டால்பர்ட்டைப் பொசுக்குவோம்" என்று பெயிண்டில் எழுதிவிட்டார்கள். அம்மா மளிகைக் கடைக்குப் போனவள் அதைப் பார்த்துவிட்டு அந்தக் கண்ணாடி முன்னாலேயே நின்றிருக்கிறாள், அந்தப் பெண்களுக்கே அப்போதுதான் என்ன எழுதினோம் என்று புரிந்து, வாளியும் துணியுமாக ஓடிவந்து துடைத்துவிட்டார்கள். இப்போது "டால்பர்ட்டே வா, சாப்பிடு, தோற்றுவிட்டுப் போ" என்று எழுதியிருக்கிறது. ஏனென்றால் அம்மா வரப்போகிற அத்தனை பேருக்கும் சாப்பாடு என்று முடிவு செய்துவிட்டாள். அந்த ஊரே வருகிறது, முந்நூறு பேராவது இருப்பார்கள். ஹார்லன் கொட்டகையில் மாட்டு நெஞ்சுக்கறி வெள்ளிக்கிழமை காலையிலிருந்து புகையில் வேகும், பீன்ஸ் பள்ளிக்கூடத்துப் பெரிய பாத்திரத்தில், சோளரொட்டி தேவாலயத்துப் பெண்கள். ஆட்டம் முடிந்த பிறகு போடலாமே என்றேன். "தோத்தவனுக்கு எப்படிங்க சோறு இறங்கும்? முன்னாடியே போடணும்" என்றாள். அப்படியே அவர்கள் பையன்கள் வயிறு முட்டத் தின்று ஓட முடியாமல் போனால் அது அவர்கள் பாடு என்றும் சொன்னாள், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல். போதகர் ஞாயிற்றுக்கிழமை இரண்டு ஊர்ப் பிள்ளைகளுக்கும் அடிபடாமல் இருக்க வேண்டும் என்று ஜெபித்தார். பின் வரிசையிலிருந்து ஹார்லன், "நம்ம பக்கத்துக்குக் கொஞ்சம் கூடச் சேத்துக்கங்க" என்று குரல் கொடுத்தான்.

எனக்கும் ஒரு வேலை வந்திருக்கிறது. பந்து பதினைந்து கெஜம் நகர்ந்ததா என்று அளக்கிற சங்கிலியை நானும் ஹார்லனும் இருபது வருஷமாகப் பிடித்தோமே, இந்த வருஷம் நம் ஊரில் ஆட்டமே இல்லாததால் சங்கிலி அவன் கொட்டகையில் தொங்கியது. நேற்று எடுத்து எண்ணெய் போட்டுத் துடைத்துக் கொண்டுவந்தான். அதன் முனையில் இருக்கிற கழியை என் கையில் கொடுத்து, "பிடிப்பியா, இல்ல வேற ஆளப் பாக்கவா?" என்றான். பிடித்தேன். முற்றத்தில் அரை மணி நேரம் பிடித்துக்கொண்டே நின்றேன், விழவில்லை. சங்கிலி பிடிக்கிறவன் எந்தப் பக்கத்துக்கும் கத்தக் கூடாது, கை தட்டக் கூடாது, அதுதான் சட்டம். "ரெண்டு மணி நேரம் வாய மூடிட்டு நிப்பீங்களா நீங்க?" என்று அம்மா கேட்கிறாள். வேறு வருஷமாக இருந்தால் கஷ்டம்தான். இந்த வருஷம் அந்தச் சட்டத்தைப் போட்ட புண்ணியவானுக்கு நன்றி சொல்கிறேன். வெஸ்லி அந்தப் பையனைச் சாய்க்கும்போது நான் என்ன சத்தம் போடுவேன், அந்தப் பையன் வெஸ்லியைத் தாண்டி ஓடும்போது என்ன சத்தம் போடுவேன் என்று எனக்கே தெரியவில்லை. சங்கிலி வழக்கப்படி வெளியூர்க்காரர் பக்கத்தில்தான் நிற்கும். கோச் ஸ்டாக்ஸுக்குப் பத்தடி தூரத்தில் நிற்பேன். அங்கிருந்து எங்கேயும் அவரால் ஓட முடியாது, ஆட்டம் ஆரம்பிக்கும் முன்னால் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடப் போகிறேன்.

நீ சாப்பாட்டில் கவனமாக இரு, அந்த இயந்திர அறைச் சூட்டில் நின்றுவிட்டு உடனே ஐஸ் தண்ணீர் குடிக்காதே. பல் வலிக்கிறது என்று அம்மாவிடம் சொன்னாயாம், கரைக்கு வந்ததும் முதலில் அதைப் பார். எங்களுக்கு எதுவும் வாங்கி அனுப்ப வேண்டாம், கிழட்டு நாய்க்கு நீ அனுப்பின கம்பளியை அது தின்றுவிட்டது. எந்தக் கதவாக இருந்தாலும் கையுறை போட்டுத் திற. கோச் ஸ்டாக்ஸுக்கு உன் கையால் நாலு வரி எழுது, கண்டிப்பாக எழுது, டால்பர்ட் பள்ளிக்கூடம் என்று போட்டாலே போய்ச் சேரும். என்ன எழுதுவது என்று யோசிக்காதே, எனக்கு இன்னும் அப்பா இருக்கிறார் என்று எழுது, அவருக்குப் புரியும்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வந்து சேர இரண்டு வாரம் ஆகும், அதற்குள் யார் ஜெயித்தார்கள் என்று உனக்கு எப்படியும் தெரிந்திருக்கும். அது தெரியாமல் எழுதுகிறவன் நான்தான். ஆட்டம் முடிந்த பிறகு எழுதுங்களேன், இன்னும் மூணு நாள்தானே என்று அம்மா சொன்னாள். ஜெயித்துவிட்டு எழுதினால் பெருமை பேசுவேன், தோற்றுவிட்டு எழுதினால் சமாதானம் சொல்வேன், நடுவில் நன்றி எங்கேயோ நசுங்கிப் போகும். இப்போது இரண்டும் இல்லை. வெளியே வெயில் அடிக்கிறது, சனிக்கிழமை இன்னும் வரவில்லை, இரண்டு பக்கமும் என் பிள்ளைகள்தான் நிற்கிறார்கள் என்கிற மாதிரி இருக்கிறது. இப்படி ஒரு வாரம் எனக்குக் கிடைத்ததை உனக்கு எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது, எழுதிவிட்டேன்.

ஆண்டவர் உன் கப்பலுக்கு முன்னும் பின்னும் காவல் இருப்பாராக.

உன் அன்புள்ள அப்பா,
ராய்ஸ் ஹாலர்